பெரும்பாக்கம் ஏரிக்கரை

காலையில் தென்சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் ஏரியில் ஊசிவால் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. தலை முழுக்கத் தண்ணீருக்குள். வெளியே தெரிந்தது அந்தக் கூர்வால் மட்டும்.

கழுத்து எட்டுகிற ஆழம்வரைதான் இந்த வாத்தால் சேற்றைத் துழாவ முடியும். தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் சாப்பாடு எட்டாது. சைபீரியாப் பக்கம் எல்லாம் உறையத் தொடங்கும்போது கிளம்பி இவ்வளவு தூரம் வருவது, இந்த முழங்கால் அளவுத் தண்ணீருக்காகத்தான்.

கொஞ்சம் தள்ளி அடுக்குமாடிகள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்கு அப்புறம், கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு அக்கா நின்றிருந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலை. வீடு இங்கே வந்துவிட்டது, வேலை இன்னும் அங்கேயேதான்.

"மழை பெஞ்சா இங்கயும் தண்ணி நிக்குது தம்பி" என்றார்.

நிற்கத்தானே செய்யும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு இது. சாலை, கம்பெனிகள், குப்பைமேடு, குடியிருப்பு என்று போனது போக, மிச்சம் கொஞ்சம்தான். அதை 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். மனதார சந்தோஷப்பட்டேன்.

வாத்துகள் மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்பிவிடும். அந்த அக்காவுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, இடித்தாகிவிட்டது.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, மனிதர்களைச் சதுப்பு நிலத்திலேயே கொண்டுவந்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு தூரம் என்று அவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.