சாயப்பட்டறைத் தரையில் கறை எடுத்த அனுபவம்

செல்லூரில் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட் உண்டு. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுபவர் வெகுகாலம் வாடகைக்கு இருந்தார். அவர் காலி செய்த பிறகு பார்த்தால் சிமென்ட் தரை முழுக்கச் சிவப்பும் நீலமும். இரும்பு டிரம் நின்ற இடங்களில் துருவட்டம் வேறு.

"ஆசிட்ட ஊத்தித் தேய்ச்சா போயிரும்ணே" என்றார் கொத்தனார். வேண்டாம் என்றுவிட்டேன். ஆசிட் பட்டதும் பொங்குவது கறையல்ல, சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு. மேல்பூச்சு அரித்துப் போகும், துளைகளுக்குள் இறங்கிய சாயம் அங்கேயே கிடக்கும்.

பக்கத்துத் தெருவில் சாயவேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் வந்து பார்த்தார். "ஹைட்ரோஸ் வாங்குங்க தம்பி. கூடக் கொஞ்சம் சலவைச் சோடாவும் போடுங்க" என்றார். சோடியம் ஹைட்ரோசல்பைட்டைத்தான் பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்வார்கள். அதைத் தண்ணீரில்தான் போட வேண்டும். பொடிமேல் தண்ணீர் தெறித்தால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கந்தக நெடி மூக்கைப் பிடுங்கும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

சிவப்பு நான் நினைத்ததைவிடச் சுலபமாக வெளுத்தது, திரும்ப வரவில்லை. படுத்தியது நீலம்தான். கரைசல் பட்டதும் மஞ்சள் பாய்ந்து மறைந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், சற்று நேரத்தில் அதே இடத்தில் நீலம்! அது இண்டிகோ. ஹைட்ரோஸ் அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவரும், காற்றுப் பட்டால் பழைய நிறத்துக்கே போய்விடும். ஆகவே கரைந்திருக்கும்போதே உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்துப் பரப்பி, மேலே பாலிதீன் மூடி, ஓரத்தில் செங்கல் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது துணி காற்றில் நீலமாகிக்கொண்டிருந்தது. துணி மாற்றி மாற்றிப் போட, தரை வெளுத்துக்கொண்டே வந்தது.

துருவுக்கு வேறு வைத்தியம். மொசைக் பாலிஷ் போடுபவர்கள் வைத்திருக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் போதும். அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. முதலில் போட்டது முழுக்கக் கழுவிப் போன பிறகுதான் இதைத் தொட்டேன். ஹைட்ரோஸோடு ஆசிட் சேர்ந்தால் நச்சுப்புகை வரும். பிளீச்சிங் பவுடரை இந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் கிளம்பும், துருவையும் அது இன்னும் அழுத்தமாக்கும்.

வாசல் பக்கம் சொரசொரவென்று வெளுத்த ஒரு திட்டு மட்டும் மிச்சம். அங்கே எப்போதோ ஆசிட் கொட்டி அரித்திருக்கிறது. அது கறையே இல்லை, எந்த மருந்தும் எடுபடாது. கிரைண்டிங் மெஷின்தான் விட வேண்டும்.

அதன்பின் தரைத் துளைகளை அடைக்கும் சீலர் பூச்சு அடிக்கலாம் என்று, ஈரம் பார்க்க ராத்திரி ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். காலையில் அடியில் வியர்த்திருந்தது. தரை நன்றாகக் காயட்டும் என்று சீலர் டப்பாவைத் திறக்காமலே வைத்திருக்கிறேன்.