கார்டு எண்ணைத் திரும்பக் கேட்காதீர்கள்

வியாபார மென்பொருளை மாற்றும்போது யாராவது உங்களிடம் "பழைய கார்டு டோக்கன் எதுவும் புதுசில் வேலை செய்யாது, வாடிக்கையாளர் எல்லாரிடமும் கார்டு எண்ணைத் திரும்ப வாங்கிவிடுங்கள்" என்று சொன்னால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதி பெரும்பாலும் தேவையே இல்லாத வேலை. (டோக்கன் என்றால் கார்டு எண்ணுக்குப் பதிலாக மென்பொருளில் இருக்கும் மாற்றுக் குறியீடு.)

கோலாலம்பூரில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருவது என் தொழில். விலைப்பட்டியலை மின்வழியில் வரித்துறைக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் முறை வந்ததிலிருந்து இந்த மாற்றம் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆண்டு விற்பனை 5 மில்லியனிலிருந்து 25 மில்லியன் ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று ஆனதும், பல வருடமாகத் தொடாமல் வைத்திருந்த மென்பொருளையெல்லாம் தூக்கிவிட்டுப் புதுசு போட ஆரம்பித்தார்கள். செந்தூலில் தண்ணீர் வடிகட்டி வாடகைக்கு விடும் ஒரு நிறுவனமும் அதில் ஒன்று. மாதா மாதம் வாடிக்கையாளரின் கிரெடிட் கார்டில் வாடகை தானாகப் பிடிக்கப்படும். அதை நம்பித்தான் அவர்கள் சம்பளமே கொடுக்கிறார்கள். புது மென்பொருள் விற்றவர், கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி ஒரு செய்தியே எழுதிக் கொடுத்திருந்தார்.

"அனுப்பிடவா தம்பி?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"வேணாம்க்கா. ஒருத்தருக்குக்கூட அனுப்பாதீங்க."

எனக்குக் கோபமே வந்தது. மோசடியில் பணம் போனால் உடனே 997-க்கு அழையுங்கள் என்று இந்த நாட்டில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வீட்டில் அம்மா அப்பாவிடம் யார் கேட்டாலும் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள் என்று தலையில் அடித்துச் சொல்கிறோம், அப்புறம் அவர்கள் நம்பிப் பழகிய கடையே அதே மாதிரி ஒரு செய்தி அனுப்பினால் அடுத்த முறை ஏமாற்றுக்காரன் அனுப்புவதற்கும் இதற்கும் அவர்கள் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்? பின்பக்கத்தில் இருக்கும் சிவிவி எண் இன்னும் மோசம். கட்டணத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு கடைக்காரர் அதை எந்த வடிவத்திலும், குறியாக்கம் செய்து பூட்டிக்கூட வைத்திருக்கக் கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் எனும் கார்டுத் தகவல் பாதுகாப்புத் தரத்தின் விதி. அது ஒரு கிராணியின் (அலுவலக எழுத்தரின்) கைப்பேசியில் புகைப்படமாகக் கிடக்கும். இதோடு, கேட்டவர்களில் ஒரு பகுதியினர் பதிலே போட மாட்டார்கள், அந்த வாடகை அப்படியே நின்றுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மென்பொருளில் இருப்பது கார்டு எண் இல்லை, டோக்கன். உண்மையான எண், கார்டிலிருந்து பணத்தைப் பிடித்துத் தரும் இடைநிறுவனமான பேமண்ட் கேட்வேயின் பெட்டகத்தில் இருக்கிறது. டோக்கன் அந்த கேட்வேயில், உங்கள் வணிகக் கணக்குக்கு மட்டும் செல்லுபடியாகும். அதை வைத்து யாரும் எண்ணைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதல் கேள்வி, கேட்வே மாறுகிறதா இல்லையா என்பதுதான். அதே கேட்வே, அதே வணிகக் கணக்கு என்றால் பெரும்பாலும் டோக்கனைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு எடுத்து வைத்தாலே போதும். புது மென்பொருள் தன்னுடைய கேட்வேயோடுதான் பேசும் என்றால்தான் உண்மையான வேலை.

அப்போதும் எண்கள் உங்கள் கைக்கு வரக் கூடாது. பழைய கேட்வே, புது கேட்வே பிசிஐ சான்று பெற்றதா என்று பார்த்துவிட்டு, கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள கோப்பைப் புதியவரின் பிஜிபி சாவியால் (அவர் மட்டுமே திறக்கக்கூடிய குறியாக்கத்தால்) பூட்டி நேராக அவருக்கே அனுப்பும். புதியவர் அதைத் தன் பெட்டகத்தில் ஏற்றிவிட்டு, எந்தப் பழைய டோக்கனுக்கு எந்தப் புது டோக்கன் என்ற பட்டியலை உங்களுக்குத் தருவார். நீங்கள் தொடுவது அந்தப் பட்டியலை மட்டும். கோரிக்கைக் கடிதம் கடையின் பெயரில் போக வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், சில இடத்தில் கட்டணமும் உண்டு, எனவே பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன்பே, முடிந்தால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "என் டோக்கன்களை வெளியே எடுத்துத் தருவீர்களா?" என்று இரண்டு பக்கமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியல் வந்ததும் எக்செல்லில் திறக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். சில கேட்வேக்களின் டோக்கன் கார்டு எண் மாதிரியே 16 இலக்கம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும், பதினாறாவது பூஜ்யமாகிவிடும், சேமித்தால் போனது போனதுதான். அந்த நெடுவரிசையை உரை வடிவில் இறக்க வேண்டும், இல்லையென்றால் எக்செல் பக்கமே போக வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டோக்கனையும் வாடிக்கையாளரையும் பெயரை வைத்து இணைக்கவே முடியாது. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று தந்தை பெயரோடு முழுதாக இருக்கும், கார்டில் இடம் போதாமல் பாதியில் வெட்டியிருக்கும், மென்பொருளில் கிராணி கேட்ட மாதிரி எழுத்துக் கூட்டியிருப்பார். ஒரே பெயரில் நாலு பேர் வேறு. போதாக்குறைக்கு, மகள் வீட்டு வடிகட்டிக்கும் அப்பாவின் கார்டிலேயே பணம் போகும், அதாவது ஒரு கார்டு, இரண்டு வாடிக்கையாளர். புது மென்பொருளில் வாடிக்கையாளர் எண்ணும் மாறியிருந்தால் குழப்பம் முழுமை. பழைய டோக்கன், பழைய வாடிக்கையாளர் எண், புது எண் என்று சங்கிலியாகக் கோத்து, கார்டின் கடைசி நான்கு இலக்கமும் காலாவதித் தேதியும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் சரிபார்க்க வேண்டும். அடுத்தவர் வாடகை இன்னொருவர் கார்டில் போய்விட்டால் பணத்தைத் திருப்பித் தரலாம், நம்பிக்கையைத் தர முடியாது.

கோப்பு கிளம்பிய நாளுக்கும் புது மென்பொருள் ஓட ஆரம்பிக்கும் நாளுக்கும் நடுவில் புதிதாகச் சேரும் கார்டுகள், புதுப்பித்த கார்டுகள் இருக்கும். அவற்றுக்கு இரண்டாவதாக ஒரு சின்னக் கோப்பு உண்டா என்று முதலிலேயே பேசி வையுங்கள். வாடிக்கையாளர் முதன்முதலில் ஒப்புதல் தந்த பரிவர்த்தனைக்கு விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்பு கொடுத்த அடையாள எண்ணும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் போனால் மாதக் கட்டணத்தைச் சில வங்கிகள் மறுக்கக்கூடும். காலாவதியான கார்டு எப்படியும் மறுக்கப்படும். அந்தக் கார்டுக்காரர்களிடம் மட்டும், கேட்வேயின் பாதுகாப்பான பக்கத்துக்கு அழைத்துப் போய்ப் புது கார்டைப் பதியச் சொல்லலாம்.

முதல் மாதம் எல்லாரையும் ஒரே ராத்திரியில் ஓட்டாதீர்கள். ஊழியர்களின் கார்டு, அப்புறம் கொஞ்சம் வாடிக்கையாளர்கள், வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மற்றவர்கள். பழைய மென்பொருளில் தானியங்கிப் பிடிப்பை நிறுத்தியாயிற்றா என்று கண்ணால் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே வாடகை இரண்டு முறை போகும்.

பழைய கேட்வே கணக்கை உடனே மூடவும் வேண்டாம். பழைய கட்டணத்தைத் திருப்பித் தர அதே கேட்வேதான் வேண்டும், கார்டுக்காரர் வங்கியில் தகராறு எழுப்பப் பல வகைக் கட்டணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. அது கடந்ததும், பெட்டகத்தில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் கார்டுகளை அழிக்கச் சொல்லி, அழித்ததாக எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.