பி.ஓ.எம்.மில் ஒரு காலிக் கட்டம்

எங்கள் போர்டின் பி.ஓ.எம்.மில், அதாவது பாகப் பட்டியலில், ஒரு மாற்றுச் சிப்பைச் சேர்க்க அன்று நான் கையெழுத்துப் போடாதது சரிதான் என்று, நான் கேட்ட எல்லோருமே சொல்லிவிட்டார்கள். நான் கேட்டவர்கள் எல்லோரும் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்கள். அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் எங்கள் கொள்முதல் பிரிவு அண்ணன். சென்ற மாதம் வரை அவரிடம் அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

2021 மார்ச் கடைசி. எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பான எஸ்டிஎம்32எஃப்103 எங்கேயும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர்கள் 52 வாரம் என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் ஆஸ்டின் நகரத்துச் சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் நாகாவில் ரெனிசாஸ் ஆலை தீப்பிடித்தது. எங்கள் சிப் அந்த இரண்டு இடத்திலும் தயாராவதல்ல. ஆனாலும் பற்றாக்குறை என்று வந்துவிட்டால், எது கிடைத்தாலும் வாங்கிக் குவிக்க எல்லோரும் ஓடுவார்கள். கோவையில் அது மோட்டார் சீசன். ஸ்டார்ட்டர் போர்டு இல்லாமல் பேனல் போகாது.

மாலை ஆறு மணிக்கு மேல் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, ஜிடி32எஃப்103 ஒரு ரீல் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பி.ஓ.எம்.மில் மாற்றுப் பாகத்துக்கான கட்டத்தில் அதைச் சேர்த்து ஒரு கையெழுத்துப் போடுங்கள்.”

“அது வேறு சிப் அண்ணா.”

“கால்கள் 48. உட்காரும் இடமும் ஒன்றே. பெயரிலேயே 103 இருக்கிறது. டேட்டாஷீட்டைக்கூடப் பார்த்துவிட்டேன். உங்களுடையது 72 மெகாஹெர்ட்ஸ், இது 108. நல்லதைத்தானே வாங்கச் சொல்கிறேன்?”

“வேகம் கூடுதல் என்பதால் நல்லது என்று சொல்லிவிட முடியாது அண்ணா. சோதிக்க வேண்டும். மூன்று வாரமாவது ஆகும்.”

“சரி, வாங்கி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.”

“சோதிக்காததை பி.ஓ.எம்.மில் எப்படி அண்ணா ஏற்றுவது?”

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “அப்படியானால் காரணத்தையாவது எழுதிக் கொடுங்கள். லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்” என்றார். அன்று இரவே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்: தகுதிச் சோதனை செய்யப்படாத பாகம், அனுமதிக்க இயலாது.

அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது காரணமா என்று கேட்டால் எனக்கே பதில் தடுமாறுகிறது.

‘நல்லதைத்தானே’ என்று அவர் கேட்டபோது எனக்கு உடம்பு விறைத்ததற்கு வேறொரு போர்டு காரணம். அதில் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிலையாக வைக்க எல்எம்1117 ரெகுலேட்டர். அதன் வெளிவாயில் 10 மைக்ரோஃபாரட் டான்டலம் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருக்க வேண்டும். ஒரு முறை டான்டலம் கிடைக்காததால், அசெம்பிளி செய்து கொடுப்பவர்கள் அதே மதிப்பு, அதே வோல்ட்டில் செராமிக் வகையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். விலை குறைவு, ஆயுள் கூடுதல், உள்தடையும் மிகக் குறைவு. யார் பார்த்தாலும் முன்னதைவிட நல்ல பாகம். ஆனால் எல்எம்1117க்கு அந்த உள்தடை வேண்டும். 0.3 ஓம் முதல் 22 ஓம் வரை இருக்க வேண்டும் என்று அதன் டேட்டாஷீட் கேட்கிறது. செராமிக்கில் இருப்பது சில மில்லி ஓம். ரெகுலேட்டர் நிலைகொள்ளாமல் ஊசலாடியது. எல்லாப் போர்டிலும் ஊசலாடியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். சிலவற்றில் மட்டும், அதுவும் வெயில் நேரத்தில் மட்டும், காரணமில்லாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. ஆசிலாஸ்கோப்பில் அந்த அலையைப் பார்த்த நாளிலிருந்து, ‘அதைவிட நல்லது’ என்று வரும் எந்த மாற்றையும் நான் சாதாரணமாகக் கடந்து போவதில்லை.

அந்த பி.ஓ.எம். வரியில் இருந்தது இவ்வளவுதான்: 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், டான்டலம். ஏன் டான்டலம் என்று அதில் இல்லை. எந்த பி.ஓ.எம்.மிலும் இருப்பதில்லை.

பி.ஓ.எம். பிழைகள் என்று நாங்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவை எல்லாம் கண்ணில் படுகிற பிழைகள். எக்செல் 0402 என்ற பாக அளவுக் குறியீட்டை 402 ஆக்கிவிடும். அதே 0402 அங்குலக் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று குழப்பம் வரும். போடக்கூடாத இடத்துக்கும் எண்ணிக்கை ஏறியிருக்கும். இவற்றைப் பிடிக்க வழி உண்டு. பத்து கிலோ ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர் என்றால் மூன்று தயாரிப்பாளர்களை மாற்றுக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கெப்பாசிட்டர் வந்தாலே யோசிக்க வேண்டும். 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எக்ஸ்5ஆர் வகைச் செராமிக்கை 12 வோல்ட்டில் வைத்தால், சிறிய உடலில் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடலாம். ஒரு தயாரிப்பாளருடையது எவ்வளவு இழக்கும், இன்னொருவருடையது எவ்வளவு இழக்கும் என்பது ரீல் லேபிளில் இருக்காது. மைக்ரோகன்ட்ரோலர் வரியோ அந்தக் கேள்விக்கே இடம் தராது. அங்கே ஒரே ஒரு பெயர், பக்கத்தில் காலிக் கட்டம். நான் வந்தபோதே அது காலி. அந்த போர்டை வரைந்த காலத்தில் எஸ்டிஎம்32 மளிகைச் சாமான்போல எங்கும் கிடைத்தது; மாற்று எதற்கு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் பயந்தது ஸ்டார்-டெல்டா மாற்றத்துக்கு: மோட்டாரை ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பிவிட்டு, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது. ஸ்டார் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) முழுதாக விடுபட்ட பிறகுதான் டெல்டா பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரு கணம் சேர்ந்து பிடித்தால் பேஸ்கள் நேருக்கு நேர் ஷார்ட். அந்த இடைவெளியை எங்கள் ஃபர்ம்வேர், அதாவது சிப்பில் ஓடும் நிரல், 50 மில்லி விநாடி என்று வைத்திருந்தது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இடைவெளியை அவர் டைமர் வைத்து அளந்தாரா, சிப்பை வெறுமனே எண்ணவைக்கும் நிரல் சுழலில் கடத்தினாரா என்று அன்று மாலை எனக்குத் தெரியாது. சுழலாக இருந்தால், வேறு சிப்பில் அதன் நீளம் மாறும். எஸ்டிஎம்32 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைப் படிக்க இரண்டு சுழற்சிகள் காத்திருக்கும். ஜிடி32 நிரலை உள்ளேயே எஸ்ராம் என்ற வேகமான நினைவகத்தில் வைத்து, காத்திருக்காமல் ஓடும். கடிகாரம் ஒன்றாகவே இருந்தாலும் சுழல் சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவையும் அந்த மின்னஞ்சலில் எழுதியிருக்கலாமா? எழுதியிருந்தால், “அப்படியானால் இப்போதே திறந்து பாருங்கள், சுழலா டைமரா என்று இன்றைக்கே தெரிந்துவிடும்” என்று அண்ணன் சொல்லியிருப்பார். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது டைமராகவே இருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதான். தெரியாதவை எத்தனை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் கேட்டேன். தோட்டத்தில் ஒரு மோட்டார் எரிந்தால் அந்த வெயிலில் பயிரும் போகும். நான் பணத்தையோ விதிமுறையையோ பார்த்து மறுக்கவில்லை.

ஆனால் ரீலை வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாமே என்ற கேள்விக்கு என்னிடம் அவ்வளவு உறுதியான பதில் இல்லை. எங்கள் மென்பொருளில் மாற்றுக் கட்டத்தில் பெயர் ஏறாத பாகத்துக்குக் கொள்முதல் ஆணை எழுப்ப முடியாது. பெயர் ஏறிவிட்டால், ஸ்டோர்ஸுக்கு அது அனுமதிக்கப்பட்ட பாகம். சோதனை முடிந்ததா என்று பார்க்காமலே லைனுக்குக் கொடுத்துவிடுவார்கள். சீசன் நெருக்கடியில் அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மறுத்தேன். முதலாளியிடம் போய், பி.ஓ.எம்.மைத் தொடாமல் தனி வவுச்சரில் வாங்கிப் பூட்டி வைக்கலாம் என்று நான் பேசியிருக்க முடியும்தான். அது என் வேலையா, அண்ணன் வேலையா? இரவு ஏழு மணிக்கு அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

ஏப்ரலில் லைன் நின்றது. துளையில் செருகும் பாகங்களைப் பொருத்தி சால்டர் செய்யும் பெண்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வேலை இருக்கும் நாளுக்குத்தான் கூலி. வர வேண்டாம் என்று அவர்களுக்குப் போன் செய்து சொன்னது அண்ணன்தான். சிப் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார். மே 10 அன்று தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு வந்துவிட்டது. கோவையில் தொற்று மிக மோசமாக இருந்தது. அந்த ஏப்ரல், ஊரடங்குக்கு முன் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடைசிக் கூலி மாதம். மூன்று வாரச் சோதனையை அன்றே தொடங்கி, ரீலும் கையில் இருந்திருந்தால், ஏப்ரல் பின்பாதியிலாவது லைன் ஓடியிருக்கும். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுவிட்டேன். சோதனையில் ஏதாவது தட்டியிருந்தால் ஓடியிருக்காது என்ற கணக்கையும் கூடவே போடுகிறேன்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, சில ஜிடி32 சிப்புகளை மட்டும் வாங்கி மேசையில் வைத்துச் சோதித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. முதல் தடங்கல் கிரிஸ்டலில், அதாவது சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் வெளிப் பாகத்தில். எஸ்டிஎம்32க்கு எழுதிய தொடக்க நிரல் கிரிஸ்டலுக்காகக் காத்திருக்கும் நேரம் ஜிடி32க்குப் போதாமல், சில போர்டுகள் உள் ஆஸிலேட்டருக்கு இறங்கிவிட்டன. பார்த்தாயா, சரியாகத்தான் மறுத்திருக்கிறோம் என்று அப்போது ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அது ஒரே ஒரு மாறிலியைக் கூட்டினால் தீர்கிற விஷயம். மாற்றிவிட்டு இடைவெளியை அளந்தேன். சுழல்தான் எழுதியிருந்தார். 50 மில்லி விநாடி ஏறத்தாழ 35க்கு இறங்கியிருந்தது. எங்களிடம் இருந்த புதுக் கான்டாக்டர் 20க்குள் விடுபட்டுவிடுகிறது. ஆக, போதும்.

புதுக் கான்டாக்டருக்குப் போதும். தோட்டத்துப் பேனலில் இருப்பது வருடக்கணக்காகத் தூசியும் பல்லி முட்டையும் அடைந்த கான்டாக்டர். அது எத்தனை மில்லி விநாடியில் விடும் என்று என் மேசையில் அளக்க முடியாது. அதற்குத்தானே, இரண்டு கான்டாக்டரும் சேர்ந்து பிடிக்காமல் தடுக்கும் இன்டர்லாக் என்பார்கள். நாங்கள் இன்டர்லாக் வைத்துத்தான் அனுப்புகிறோம். அதைக் கழற்றிவிட்டு நேராக வயரைச் சுற்றியிருக்கும் பேனல்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் 50 மில்லி விநாடியாவது போதுமா என்று கேட்டால், அதற்கும் என்னிடம் அளவு இல்லை. அந்த எண்ணை யார், எதைப் பார்த்து வைத்தார்கள் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை.

அதன் பிறகு பி.ஓ.எம்.மில் ‘காரணம்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். முக்கியமான வரிகளுக்கு நிரப்பினேன். ரெகுலேட்டர் கெப்பாசிட்டருக்கு, கிரிஸ்டலுக்கு, ரிலேக்கு. இது எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் ஜிடி32 விஷயத்தில் அந்தக் கட்டமும் எனக்கு உதவவில்லை. இப்போதைய ஃபர்ம்வேரில் சுழல் இல்லை, டைமர்தான். அதில் ஜிடி32 தாராளமாக ஓடும். பழைய ஃபர்ம்வேர் உள்ள போர்டுகள் இன்னும் சர்வீஸுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் அதே பாக எண்ணில்தான் உதிரி போகிறது. மென்பொருளில் ஒரு பாகத்துக்கு அனுமதி உண்டு, இல்லை என்ற இரண்டு விடைதான். தனிப் பாக எண் உண்டாக்கலாம். ஆனால் ஒரே மாதிரி 48 கால் சிப் இரண்டு பெட்டியில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது. அதனால் இன்றைக்கும் அங்கே இருப்பது ‘இல்லை’தான்.

ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் அண்ணன் அதைக் கேட்பார். “இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா தம்பி?” என்பார். “ஆமாம் அண்ணா” என்பேன். காரணம் எழுதித் தரச் சொல்வதை அந்த மார்ச்சோடு நிறுத்திவிட்டார். சென்ற மாதம் அவர் கேட்காமலே எழுதி அனுப்பினேன்: சுழல், 35 மில்லி விநாடி, கிரிஸ்டல், பழைய போர்டுகள், எல்லாவற்றையும். மறுநாள் பதில் வந்தது: “படித்தேன் தம்பி. நன்றாகப் புரிகிறது. இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் நானும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனே.”

அன்றைக்கு எனக்கு இவை தெரியாது அண்ணா, தெரியாததால்தான் போடவில்லை என்று எழுதினேன். அதற்கு அவர் இன்னும் பதில் அனுப்பவில்லை. அடுத்த கூட்டம் ஜூலையில்.