பக்கத்து வீட்டுக் கார் மேல் எங்கள் தென்னை மட்டை

ஆடி மாதம் பொள்ளாச்சியில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். போன ஆடியில் ஒரு நாள் காலை, ஆறு மணி இருக்கும், வாசலில் தடாலென்று சத்தம். எங்கள் தென்னையின் காய்ந்த மட்டை ஒன்று பக்கத்து வீட்டு அண்ணன் காரின் முன்கண்ணாடி மேல் கிடந்தது. மட்டையின் அடிப்பக்கம் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி நொறுங்கி, அங்கிருந்து நாலு கீறல் மறுகோடி வரை ஓடியிருந்தது.

மட்டையை இழுத்துப் போடும் முன் போனில் படம் எடுத்தேன். மட்டை கிடக்கிறபடி ஒன்று, கண்ணாடி, பானெட், நம்பர் பிளேட்டோடு முழு வண்டி. அப்புறம்தான் அவர்கள் கதவைத் தட்டினேன்.

"ஏனுங்க அம்மிணி, மட்டை தொங்குதுன்னு போன மாசமே சொன்னனே" என்றார் அண்ணன். சொன்னது உண்மை. மரமேறுபவர் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டது நான்தான். "காத்துக்கு நாம என்ன பண்ண முடியும்" என்று என் சித்தப்பா வாதாடச் சொன்னார். ஆனால் விழும் என்று முன்கூட்டியே தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு, காற்றின் மேல் பழி போட்டால் சட்டப்படியும் எடுபடாது. அதற்கு முந்தின வருடம் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான். ஆகிற செலவை நானே தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"இன்சூரன்ஸ் இருக்குங்களே" என்றார் அண்ணன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐந்து வருடமாக கிளெய்ம் எதுவும் இல்லாததால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அவருக்கு 50 சதவீதம் தள்ளுபடி. ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். அடுத்து 20, 25, 35, 45 என்று ஏறி, மறுபடி 50-க்கு வர இன்னும் ஐந்து வருடம். போதாததற்கு, கிளெய்மில் முதல் 1,000 ரூபாய் எப்படியும் அவர் கையிலிருந்துதான். கண்ணாடிக்கு ஒர்க் ஷாப்பில் கேட்டது 7,800. கிளெய்ம் போடுவது அவருக்குத்தான் நஷ்டம்.

சிக்கல் வந்தது அவர் மகனால். பானெட்டில் இருந்த ஒடுக்கையும் சேர்த்து 12,000 வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்றான். எனக்குக் கை நடுங்கியது. 15100-க்குப் போன் செய்து கேட்டேன். அது சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண். வழக்கு போடாமலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கோர்ட் கட்டணம் கிடையாது என்றார்கள். அதைக் கேட்டதும் தைரியம் வந்தது.

மனு வரைக்கும் போகவில்லை. மூன்று பேரும் வண்டியோடு ஒர்க் ஷாப் போனோம். டிங்கரிங் பார்க்கிறவர் ஒடுக்கில் நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்து உள்ளே செம்மண் நிறத்தில் துரு. "இது பழசுங்க, ஆறு மாசமாவது இருக்கும்" என்றார். என் வாயால் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்திலும் மட்டை பானெட்டைத் தொடவே இல்லை. மகன் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

7,800 ரூபாயை ஜிபேயில் ஒர்க் ஷாப்புக்கே நேராக அனுப்பினேன். பில் அண்ணன் பெயரில். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, நடந்தது, கொடுத்த தொகை, "இந்தச் சேதம் தொடர்பாக இனி பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம். கையெழுத்துக் கேட்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. "எழுதிக்கிட்டா நல்லதுதானுங்க அம்மிணி" என்று அண்ணனே பேனாவை எடுத்தார்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரமேறுபவர் வருகிறார். முந்தின நாள் இரவே அண்ணனிடம் சொல்லிவிடுவேன், வண்டியை அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்.