சைனஸ்: வாசனை போனதை முதலில் சொல்லுங்கள்

12 வாரத்துக்கு மேல் விடாத சைனஸோடு ஈ.என்.டி. மருத்துவரிடம் போகும்போது மூக்கடைப்பையும் தலைவலியையும்தான் முதலில் சொல்கிறோம். வாசனை தெரியாததை அவர் கேட்டால்தான் சொல்வோம். உள்ளே எந்த வகை அழற்சி என்பதற்கு நல்ல தடயமே அதுதான்.

இரண்டாம் வகை (டைப் 2) அழற்சியில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் குவியும். மூக்கில் சதை வளரும், சளி பசைபோல் இழுபடும், வாசனை போகும். கூடவே ஆஸ்துமா இருக்கலாம். சிலருக்கு ஆஸ்பிரின் போட்டால் மூச்சு இரைக்கும். மூன்றாம் வகையில் (டைப் 3) நியூட்ரோஃபில் என்னும் வேறு வெள்ளை அணுக்கள் மிகுதி. மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் சீழ் தெரியும். இரண்டும் கலந்தும் வரும். சளியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஈசினோஃபில் நிறைந்த சளியும் மஞ்சளாக இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்? முகவலியும் வகையைச் சொல்லாது. சிடி ஸ்கேன் சுத்தமாக இருந்தும் முகம் வலித்தால் ஒற்றைத் தலைவலியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாசனையை வீட்டில் சோதிக்க, கண்ணை மூடி, ஒரு பக்க மூக்கை அடைத்து, மறுபக்கத்தில் சோப்பை முகருங்கள். தைலம் வேண்டவே வேண்டாம். அதன் குளிர்ச்சியும் எரிச்சலும் வேறு நரம்பு வழியே தெரிவதால், வாசனை போனவருக்கும் 'தெரிகிறதே' என்று தோன்றும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2020-இல் இரண்டாம் வகைக்கு வைத்த அளவு: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் 250 அல்லது மேல் (2023-இல் 150 ஆக்கினார்கள்), அல்லது ஐஜிஇ (IgE) என்னும் ஒவ்வாமை எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு 100 அல்லது மேல். பலர் தவறுவது இங்கேதான். ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் கொடுத்தால் எண்ணிக்கை சரிந்து, 'இரண்டாம் வகை இல்லை' என்று வந்துவிடும். மாத்திரை தொடங்குமுன் கொடுங்கள். முடியாவிட்டால் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். மாத்திரை போட்ட நாட்களில் வாசனை திரும்பி, நிறுத்தியதும் போனால் அதையும் எழுதுங்கள். அது இரண்டாம் வகைப் பக்கம் சாயும் குறிப்பு.

மூக்கில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிக்குமுன், கொதிக்க வைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசல் 240 மில்லியால் மூக்கைக் கழுவி, கால்மணி நேரம் விடுங்கள். பிறகு தலையைச் சற்றுக் குனிந்து, வலக் கையால் இடப் பக்கமும் இடக் கையால் வலப் பக்கமும், முனை காதை நோக்கி இருக்கும்படி அடிக்க வேண்டும். மூக்கின் நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.