பானெட்டில் பதினொரு புள்ளி

ஏற்காட்டில் காலை ஆறரை மணிக்கு வெளியில் நிற்கிற வண்டியெல்லாம் குளித்த மாதிரி இருக்கும். மாமனார் வீட்டு வாசலில் பானெட் மேல் படிந்த பனி ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி இழுத்தது. நகத்தால் தடவினால் கடுகளவு பள்ளம். அடர் சாம்பல் மெட்டாலிக்கில் வெள்ளையாக ஒரு பொட்டு. குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று, தள்ளி இன்னொன்று. வண்டி எடுத்து நாலு மாசம்தான், ஓடியது 4,800 கிலோமீட்டர்.

"வண்டி வாங்குனது ஓட்டறதுக்கா, உத்து உத்துப் பாக்கறதுக்கா?" என்றாள் மனைவி, காபி டம்ளரோடு. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "மலைப் பாதையில கல்லு தெறிச்சிருக்கும் மாப்பிள்ளை."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் முப்பது, முப்பத்தைந்தில்தான் ஏறுகிறேன். வாரம் இரண்டு நாள் வேலையாகத் தர்மபுரி போகிறேன், அதில்தான் விஷயம். ஓமலூர் தாண்டித் தொப்பூர் வரைக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் தார்ப்பாயைப் பாதி மூடியபடி போகும். தொண்ணூறில் அவற்றின் பின்னால் போனபோது 'டிக் டிக்' என்று கேட்டது. பாட்டுச் சத்தத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டவன் நான்தான்.

முதல் ஞாயிறு

சேலம் இறங்கி, வேப்பமர நிழலில் வண்டியைக் கழுவிக் காயவைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் மாஸ்கிங் டேப்பைக் கிள்ளி ஒட்டிக்கொண்டே வந்தால் பானெட்டில் 11, முன் பம்பரில் 6. அம்மை போட்ட குழந்தை மாதிரி இருந்தது வண்டி. பம்பரில் இருந்த ஆறையும் அன்றைக்கே கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். அது பிளாஸ்டிக், துரு பிடிக்காது. அதுவுமில்லாமல் கல்லடியை முதலில் வாங்கும் இடம் அது. இன்றைக்கு அடைத்தால் அடுத்த மாசம் வேறு ஆறு வரும்.

பானெட் அப்படி விடக்கூடியது இல்லை. பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு கிடையாது. தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு. பிறகு முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற ஈ-கோட். அதற்கு மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான், ஏறக்குறைய ஒன்றரைத் தலைமுடியின் தடிமன். அதிலும் நிறம் மட்டும் 15 மைக்ரான் அளவில், கிளியர் 40 அளவில். இவ்வளவு மெல்லிசான ஒன்றை நம்பித்தான் டிப்பருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம்.

செல்போன் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்ததில் ஏழு புள்ளிகள் வெளுத்து, பளபளப்பில்லாமல் இருந்தன. நிறம் போய் பிரைமரோடு நின்றுவிட்டவை. (சேலத்துக்காரன் கண்ணுக்கு வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எங்கள் ஊர் வெள்ளைக் கனிமமான மேக்னசைட்டின் தூளோ என்றுதான் முதலில் தோன்றும். இரண்டை எச்சில் தொட்டுத் துடைத்தும் பார்த்தேன்.) மற்ற நாலும் தகடு வரைக்கும் போயிருந்தன. அதில் ஒன்றைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குக் காவி நிறம். நாலு மாசத்தில் துருவா என்று வயிறு கலங்கியது. இரும்பு திறந்து கிடந்து இரண்டு மழை பெய்தால் போதும், துருவுக்கு மாசக் கணக்கு தேவையில்லை.

ஷோரூமில் கேட்டதற்கு, கல்லடி வாரண்டியில் வராது, பானெட் முழுக்க அடித்துவிடலாம், இன்சூரன்ஸில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். வாரண்டியில் வராது என்பது சரிதான். ஆனால் முதல் வருஷம் கிளெய்ம் இல்லாமல் கழித்தால் அடுத்த பிரீமியத்தில், சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில் 20 சதவீதம் கழிவு உண்டு. அதை இந்தக் கடுகளவுப் பள்ளங்களுக்காக இழப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கம்பெனியில் அந்தப் பெயிண்டை 140 டிகிரி அளவில் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். வெளியில் மறுபடி அடிக்கும்போது 60, 70 டிகிரியைத் தாண்ட முடியாது, உள்ளே பிளாஸ்டிக், ரப்பர், ஒயர் எல்லாம் இருக்கும். பதினொரு பொட்டுக்காகக் கம்பெனிப் பெயிண்டைத் தேய்த்துத் தள்ளுவது, கொசுவுக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை.

கொண்டலாம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த டிங்கரிங் ஷாப் பெயிண்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காட்டினேன். "இதுக்கு நான் எதுக்குங்க? பல்குத்தற குச்சி எடுத்துக்கங்க. பெயிண்ட் அடிக்கறதா நெனைக்காதீங்க, பள்ளத்த நெரப்பறதா நெனைச்சுச் செய்யுங்க."

நல்ல பேச்சு. வழக்கம்போல அதைக் காதில் வாங்காமல்தான் ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஞாயிறு

வண்டியில் ஒட்டியிருந்த கலர் குறியீட்டைப் பார்த்து, அதே குறியீட்டில் டச்சப் பெயிண்ட் பாட்டில் வாங்கியிருந்தேன். மூடியிலேயே சின்ன பிரஷ் இருக்கும். நெயில் பாலிஷ் போலத் தொட்டு வைத்தேன். பள்ளம் கடுகளவு, நான் வைத்தது உளுந்தளவு. மேடாகி, ஓரம் வழிந்து, மெட்டாலிக் மினுமினுப்பே இல்லாமல் கரிப்பொட்டு மாதிரி நின்றது. மணி பதினொன்று, வெயில் பானெட்டுக்கு வந்துவிட்டது. கை வைக்க முடியாத சூட்டில் பெயிண்ட் வைத்த நிமிஷமே தோல் கட்டிக்கொண்டது.

அண்ணனுக்குப் போன். "தின்னர்ல துணிய லேசா நனைச்சு ஒரே இழுப்பா துடைச்சிருங்க. கம்பெனி பெயிண்டு சுட்ட பெயிண்டு, அது கரையாது. வெளில அடிச்ச பானெட்டா இருந்தா மட்டும் இதச் செய்யாதீங்க." துடைத்தேன், பளிச்சென்று பழைய பள்ளம் வந்துவிட்டது. பிழை செய்தால் அழித்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

அன்று உருப்படியாக முடிந்தது துரு வேலை மட்டும். 400 நம்பர் உப்புத்தாளைத் துளி அளவு வெட்டி, தீக்குச்சி முனையில் ஒட்டி, காவி நிறம் போகும்வரை பள்ளத்துக்குள்ளேயே சுழற்றினேன். மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்கிற துரு மாற்றித் திரவம் ஒரு தொடு. காவி கறுத்தது. மறுநாள் காலை, தகடு தெரிந்த நாலு பள்ளத்திலும் குச்சி முனையால் எபாக்ஸி பிரைமர் வைத்தேன். வெறும் தகட்டின் மேல் நிறத்தை நேராக வைத்தால் பிடிமானம் இருக்காது, கொஞ்ச நாளில் பொரிந்து வரும்.

மூன்றாவது வாரம், ஏற்காடு

நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இது. மூன்று நாள் லீவு, மாமனார் வீடு, வெயில் தொல்லை இல்லை, தூசி இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். குளுகுளுவென்று உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று டப்பாக்களையெல்லாம் மேலே தூக்கிப் போனேன்.

நிறம் வைத்ததில் குறையில்லை. மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏவால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஒவ்வொரு பள்ளத்தையும் துடைத்தேன். பாட்டிலை மூன்று நிமிஷம் விடாமல் குலுக்கினேன். அலுமினியத் துகள்கள் அடியில் தங்கியிருக்கும், குலுக்காவிட்டால் வருவது வெறும் சாம்பல். பல்குத்தும் குச்சியின் முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, ஒரு சொட்டைத் தொட்டுப் பள்ளத்தின் நடுவில் வைத்தால் அதுவே ஓரம்வரை ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. காயும்போது சுருங்கிக் கீழே இறங்கும். அரைமணி விட்டு இன்னொரு சொட்டு. மூன்று தடவையில் ஏழு புள்ளி தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றன. அந்த இடைவெளி கிளியருக்கு.

நாலு மணிக்குக் கிளியர் வைத்தேன். நாலரைக்கு மிளகுக்கொடிப் பக்கமிருந்து மூட்டம் வந்து வாசலை மூடியது. ஐந்து மணிக்குப் பார்த்தால் ஏழு புள்ளியும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன.

"என்னங்க, தயிர் தெளிச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி. அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் பிறகு புரிந்தது. லாக்கர் வகைப் பெயிண்டில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, காயும் கிளியருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெளுப்பு. மழைக்காலத்தில் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்து அடிப்போம் என்றார் அண்ணன். "ஏற்காட்ல போயி, பனியில, கிளியரா? சொல்லியிருந்தா சிரிச்சிருப்பனே" என்று வேறு சொன்னார். தின்னர் போட்டுத் துடைத்தால் கிளியரோடு அடியில் இருந்த நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. ஏழும் பழையபடி பள்ளம். மலையிறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், பேச்சுக்கு மனசில்லை.

அதற்கப்புறம்

சேலத்திலேயே, காலை ஏழு மணிக்கு, வேப்பமரத்தடியில். நிறம் மூன்று தொடு, மறுநாள் கிளியர் இரண்டு தொடு, இம்முறை சுற்றுத் தரையைவிட ஒரு மயிரிழை மேடாக. பதினொன்றும் இரண்டு காலையில் முடிந்தன. பிறகு பத்து நாள் தொடவில்லை. மேலே காய்ந்தாலும் உள்ளே இளகலாகத்தான் இருக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் பொட்டோடு பெயர்ந்து வரும். அந்தப் பத்து நாள் சும்மா இருந்ததுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

தேய்க்கும்போது உள்ளபடியே பயந்தேன். பென்சில் பின்னாலிருக்கும் ரப்பரின் அளவுக்கு 2000 நம்பர் உப்புத்தாளை வட்டமாக வெட்டி அதில் ஒட்டிக்கொண்டேன். ஷாம்பு கலந்த தண்ணீர். மேட்டை மட்டும், எட்டுப் பத்து சுற்று, துடைத்துப் பார், மறுபடி. சுற்றியிருக்கும் கம்பெனிக் கிளியர் 40 மைக்ரான்தான் என்பதை மறந்து தேய்த்தால், இல்லாத இடத்தில் புதுப் பிரச்சினையை நாமே உண்டாக்குவோம். மேடு இறங்கியதும் 3000, பிறகு காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைக் கையாலேயே போட்டுப் பாலிஷ். மிஷின் வாடகைக்குக் கிடைக்கும், எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போதைய நிலவரம்: ஆறு புள்ளிகள், எங்கே என்று தெரிந்தவன் தேடினால்தான் தெரியும். மூன்று, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சற்றுக் கறுப்பாகத் தெரிகின்றன. கம்பெனியில் ஸ்பிரே அடிக்கும்போது மெட்டாலிக் துகள்கள் தட்டையாகப் படியும், குச்சியால் வைத்தால் கண்டபடி நிற்கும், அதனால் வெளிச்சம் வேறு மாதிரி திரும்புகிறது. பெட்ரோல் பங்க் விளக்கில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். மிச்சம் இரண்டு இன்னும் தேய்க்கவில்லை. அதில் ஒன்று துருப் பிடித்திருந்தது, அதை மாசத்துக்கொரு தடவை கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியவே கூடாது என்றுதான் இறங்கினேன். இப்போது மழைத் தண்ணீர் தகட்டைத் தொடாவிட்டால் சரி என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

பிபிஎஃப், அதாவது பெயிண்ட் பாதுகாப்புப் படலம், ஒட்டிவிடலாமே என்று தம்பி கேட்டான். 150, 200 மைக்ரான் பாலியூரிதேன் படலம், பெயிண்டை விடக் கனம், கல்லைத் தாங்கும்தான். செராமிக் கோட்டிங் சில மைக்ரான்தான், தண்ணீர் உருண்டு ஓடும், கல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டுக்கும் விலை கேட்டேன், விட்டுவிட்டேன். அதற்குப் பதில் டிப்பரைக் கண்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன். 100இல் அடிக்கிற கல்லின் வேகசக்தி, 80இல் அடிப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

நேற்றுத் தீவட்டிப்பட்டி தாண்டி, எண்பதில், முன்னால் டிப்பரே இல்லாமல், ஒரு தனியார் பஸ் என்னை முந்தியது. 'டிக்'. வீட்டுக்கு வந்து பார்த்தேன், பானெட் ஓரத்தில், பிரைமரோடு நின்றிருக்கிறது. பன்னிரண்டாவது டேப் ஒட்டியாயிற்று. பாட்டிலில் முக்கால்வாசிப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது.