எட்டாம் வருஷம் பூத்த மரமல்லி

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரமல்லியை நான் மூன்று தடவை வெட்டப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் ஆச்சிதான் தடுத்தாள். "அது பாட்டுக்கு நிக்குது, ஒனக்கு என்னல செய்யுது?"

என்ன செய்கிறது என்றால், பூக்கவே இல்லை. தென்காசி சித்தப்பா வீட்டில் வேரிலிருந்து கிளம்பிய ஒரு கன்றைத் தோண்டிக் கொண்டுவந்து வைத்தேன், விறுவிறுவென்று ஓட்டு வீட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது, ஆனால் ஐந்து வருஷம் போயும் ஒரு மொட்டு கிடையாது. பருவத்துக்கு வரவே ஆறிலிருந்து எட்டு வருஷம் ஆகும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, மழை விட்டு கரண்டும் போய் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது வாசனை வந்தது. பிச்சியா என்று ஆச்சி கேட்டாள், பிச்சி எங்கள் தெருவிலேயே கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் கொல்லை முழுக்க வெள்ளை. ராத்திரி விரிந்து விடியும்போது உதிர்கிற பூ இது, நீளமான குழாய்க்குள் இருக்கிற தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிதான் வர வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு விரல் நீளத்துக்கு மெலிசான காம்பு மாதிரி குழாய், நுனியில் மெழுகு போல இதழ்கள். அந்தக் குழாயையே ஒன்றோடொன்று பின்னி நாரில்லாமல் சரம் செய்யலாம். ஆச்சி என் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள், பத்து மணிக்குள் எல்லாம் பழுத்துப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

சிலர் இதைப் பன்னீர்ப்பூ மரம் என்பார்கள். திருச்செந்தூரில் இலை விபூதி மடித்துத் தருகிற பன்னீர் இலை வேறு மரத்துடையது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதன் தாவரவியல் பெயர் மில்லிங்டோனியா ஹார்டென்சிஸ். தாமஸ் மில்லிங்டன் என்கிற இங்கிலாந்துக்காரர் நினைவாக, ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மகன் வைத்தது, அந்தப் பேரினத்தில் இந்த ஒரு மரம்தான் இருக்கிறது. ஹார்டென்சிஸ் என்றால் தோட்டத்துக்கு உரியது. எவ்வளவு பெரிய தோட்டம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்! எண்பது அடி வரைக்கும் போகும் மரம் இது.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, முதல் இரண்டு கோடைக்கு மட்டும் ஊற்றினால் போதும். நம் பக்கம் விதை பிடிப்பது அபூர்வம், அதனால் வேர்க்கன்றுதான் வழி. தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒன்று, கக்கூஸ் சுவரை ஒட்டி ஒன்று, பக்கத்து வீட்டு முருங்கைக்கு நடுவில் ஒன்று என்று முளைத்துக்கொண்டே இருக்கும். கிள்ளக் கிள்ள வரும்.

அதைவிடப் பெரிய கவலை காற்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சாரலோடு சேர்ந்து ராத்திரியெல்லாம் ஊளையிடும். இந்த மரத்துக்குப் பட்டைதான் தடிமன். வெடித்து வெடித்து, நகத்தால் அழுத்தினால் அமுங்கும், அந்தக் காலத்தில் மட்டரகக் கார்க்குக்குக்கூட அதை எடுத்தார்களாம். உள்ளே கட்டை வலுவில்லாதது, படக்கென்று முறியும். போன ஆடியில் ஒரு கொப்பு முறிந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது, ஷீட் வாங்கிப் போட்டுக்கொடுத்த பிறகும் அந்த வீட்டு மைனி பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான், சுவரிலிருந்து எட்டடி தள்ளி வைத்துவிட்டு மரத்தைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. இப்போது வைப்பதாக இருந்தால் முப்பதடியாவது தள்ளித்தான் வைப்பேன். மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்றில் எது முறிந்தாலும் கிழக்குப் பக்கம்தான் விழும், வீட்டுக்கு மேற்கே வைத்தால் நம் கூரைக்கு வம்பு, கிழக்கே வைத்தால் அடுத்த வீட்டுக்கு வம்பு, அதனால் வடக்கோ தெற்கோ ஒதுக்குப்புறமாகத்தான். வைகாசி முடிவதற்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கொப்புகளைக் கழித்தும்விடுகிறேன்.

இந்த வருஷம் பிடுங்கிய கன்றுகள் ஏழு, பழைய பெயின்ட் டப்பாக்களில் தளிர்த்து நிற்கின்றன. வேண்டுமென்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து எடுத்துப்போங்கள், காசு வேண்டாம். கொல்லை எத்தனை அடி என்று மட்டும் கேட்பேன்.